மறுமொழி: நுண்ணூசிக் குத்து சரி, ‘குருத்தணுப் பூச்சு’ வேண்டாம்

> மைக்ரோநீட்லிங் (தோலில் நுண்ணிய ஊசிகளால் துளையிடும் சிகிச்சை): நுண்ணூசிக் குத்து. அதோடு தடவும் ஸ்டெம் செல் (வேறு வகை உயிரணுக்களாக மாறவல்ல மூல உயிரணு) மருந்து: குருத்தணுப் பூச்சு. பருத்தழும்புக் கட்டுரைக்கு இந்தத் தமிழ்ச் சொற்கள் போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

அண்ணே,

உண்டு. நுண்ணூசிக் குத்தில் கை வைக்க வேண்டாம், அது நல்ல சொல். ‘குத்து’ கொச்சையாக இருக்கிறதாம், போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டிச் சோறு போடுகிற செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்கு நான் என்ன பதில் சொல்ல!

எனக்கு இடிப்பது ‘பூச்சு’. தோலின் மேலடுக்கு லேசில் எதையும் உள்ளே விடாது. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறு நுழைவதே கஷ்டம், இந்த மருந்திலிருக்கும் வளர்ச்சிக் காரணிகளோ, அதாவது அணுக்களை வளரத் தூண்டும் புரதங்களோ, பல ஆயிரம் டால்டன், அதனால்தான் தழும்பின் ஆழம் பார்த்து 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை குத்தி, துளை மூடுவதற்குள் மருந்தை இறக்குகிறார்கள். குத்தினாலே தோல், தன்னைத் தாங்கும் கொலாஜன் புரதத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும், மருந்து அதற்குத் துணை. மேலே நிற்பதுதான் பூச்சு. கட்டுரையில் அப்படிப் போட்டால், வீட்டிலேயே ஊசி உருளையை முகத்தில் உருட்டிவிட்டு மேசையிலிருக்கும் வைட்டமின் சி சீரத்தைத் தடவ ஒருவர் கிளம்புவார். அப்படி உள்ளே இறங்கிய அழகுசாதனப் பொருளால் முகத்தில் கட்டிகட்டியாகத் தடித்துப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவே இருக்கிறது.

அடுத்தது குருத்தணு. அந்த மருந்தில் உயிரணுவே கிடையாதே! சித்தப்பா மகளுக்குத் தையில் கல்யாணம். காரைக்குடியில் ஒரு கிளினிக்கில், ஸ்டெம் செல்லை வைத்து முகத்துப் பருக்குழியை நிரப்பிவிடலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். “யார் உடம்பிலிருந்து எடுத்ததாம்?” என்று அப்பத்தா கேட்டது, ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு குப்பியைப் பார்த்தேன். கட்டைவிரல் உயரம், அடியில் வெள்ளைப் பொடி, கலக்கிக்கொள்ளத் தனியாக ஒரு நீர். ‘கண்டிஷன்ட் மீடியா’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அணுக்களை ஊட்டநீரில் வளர்த்து, அவை சுரந்ததெல்லாம் அதில் இறங்கிய பிறகு அணுக்களை நீக்கிவிடுகிறார்கள். சோற்றை விட்டுவிட்டுக் கஞ்சியை மட்டும் பிடித்து வைத்த மாதிரி. ஆகவே ‘குருத்தணு வடிநீர்’ என்று வைக்கலாம். பொடியாக்கி வந்தாலும் பெயர் பொருந்தும்.

ஆப்பிள் ஸ்டெம் செல் என்று விற்பதை இதோடு சேர்க்கவே கூடாது. அது தாவரச் சாறு, அவ்வளவுதான்.

> வடிநீர் என்றால் ஆற்றுப்படுகை ஞாபகம் வராதா தம்பி? சுரப்புநீர்?

வரும்தான். ஆனால் சுரப்புநீர் என்றால் ஏற்கெனவே எச்சிலும் கணையநீரும் நிற்கின்றன அண்ணே, அந்தக் கூட்டத்தில் இதையும் ஏன் தள்ள வேண்டும்? முன்னால் ‘குருத்தணு’ இருக்கும்போது வடிநீரை யாரும் வைகையோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், தழும்பு வகைகளுக்கும் பெயர் வேண்டும். விளிம்பு செங்குத்தாக இறங்கும் பாக்ஸ்காருக்குப் பெட்டிக்குழி, மேடும் பள்ளமுமாக இருக்கும் ரோலிங்குக்கு அலைக்குழி. ஐஸ் பிக்குக்கு நீங்கள் போட்ட ‘ஊசிக்குழி’ ஆகாது. குறுகி ஆழமாக இறங்கும் அந்த வகைக்குத்தான் நுண்ணூசி அவ்வளவாகக் கேட்பதில்லை, அமிலம் வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும், பெயரைப் பார்த்தால் ஊசிக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. கூர்ங்குழி என்று மாற்றிவிடுகிறேன், ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.