வால்பாறை ஏற்றத்தில் ஈகோ மோடில் இழுக்கவில்லை, ஸ்போர்ட்டில் துள்ளுகிறது. வண்டியில் கோளாறா?

கேட்டவர், பொள்ளாச்சி:

வணக்கமுங்க. வண்டி வாங்கி நாலு மாதம் ஆகிறது. டர்போ பெட்ரோல், ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று மோடு. கோவை ரோட்டில் எப்போதும் ஈகோதான், ஒரு குறையும் சொல்ல முடியாது.

போன ஞாயிறு அம்மா, வீட்டுக்காரி, குழந்தைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேரும் வால்பாறை போனோம். ஆழியார் தாண்டி ஏற ஆரம்பித்ததும் சிக்கல். கொண்டை ஊசியில் திருப்பிவிட்டு மிதித்தால் ஒரு நொடி வண்டி சும்மா நிற்கிற மாதிரி இருக்கிறது, அப்புறம் திடீரென்று கியர் இறங்கி உறுமிக்கொண்டு பாய்கிறது. பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது அந்த ஒரு நொடியில் உயிரே போகிறது. சரி என்று ஸ்போர்ட் போட்டேன். பிக்கப் கிடைத்தது, ஆனால் லேசாகத் தொட்டாலே துள்ளல், ஸ்டீயரிங் கனம், குழியில் இறங்கினால் முதுகில் இடி. 9வது வளைவு வியூ பாயிண்ட் வருவதற்குள் பெரிய பெண்ணுக்கு வாந்தி.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று மறுபடி ஈகோ. பாதி இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்துவிட்டது. சர்வீஸில் கேட்டால் "எல்லாம் நார்மல்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்போர்ட்டில் இன்ஜினுக்குப் பவர் கூடுமா? சஸ்பென்ஷனும் இறுகுமா? மலைக்கு எந்த மோடு?

பதில், சத்தியமங்கலம்:

கோளாறு இருக்கிற மாதிரி தெரியவில்லைங்க. நான் வாரம் இரண்டு தடவை திம்பம் ஏறி இறங்குகிறவன், 27 கொண்டை ஊசி, என் வண்டியும் இதே மாதிரி டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்தான்.

நம்ம விலை வண்டிகளில் பெரும்பாலும் மோடு மாற்றினால் குதிரைத்திறன் கூடுவதில்லை. உங்கள் காலை வண்டி எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் மாறும். இப்போது ஆக்ஸிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. பெடலில் இருக்கிற சென்சார் "இவ்வளவு மிதித்தார்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், த்ராட்டிலை, அதாவது இன்ஜினுக்குள் காற்று போகிற கதவை, எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கால்வாசி மிதித்தால் ஈகோவில் கொஞ்சம் திறக்கும், ஸ்போர்ட்டில் அதே மிதிக்கு நிறையத் திறக்கும். உங்களுக்குத் துள்ளுகிறது என்றால் கால் இன்னும் ஈகோ பழக்கத்திலேயே மிதிக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, கியர். ஈகோ சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். வளைவில் வேகம் குறையும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற எண்ணிக்கை) 1,500க்குக் கீழே வந்தால், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போவைச் சுழற்றுகிற அளவுக்குப் புகை வேகம் இருக்காது. நீங்கள் மிதித்த பிறகுதான் கியர் இறங்கி, ஆர்பிஎம் ஏறி, டர்போ காற்றைத் தள்ள வேண்டும். உங்கள் "ஒரு நொடி" அங்கேதான் போகிறது. ஸ்போர்ட் இரண்டாம் கியரை விடாமல் பிடித்து ஆர்பிஎம்மை மேலேயே வைத்திருப்பதால் உடனே இழுக்கிறது.

ஏற்றத்துக்கு நான் செய்வது: நார்மல் மோடு, கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் வைத்துவிடுவேன். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு விழுந்திருக்க வேண்டும், வளைவுக்குள் மாற்றக் கூடாது.

பதில், கோத்தகிரி:

இறக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், உங்கள் பதிவில் எனக்குப் பயம் தந்தது அதுதான். ஈகோ இறக்கத்தில் மூன்று, நாலு என்று மேல் கியருக்குப் போய்விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஐந்து பேர் பாரம் முழுவதையும் பிரேக் பேடு தாங்குகிறது. ஏறின கியரிலேயே இறங்கு என்று எங்கள் ஊர் லாரி டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். மேனுவலில் இரண்டு. ஆர்பிஎம் 3,500க்குப் போனால் சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு கியர் பிடிப்பில் இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை அடைத்துவிடும், அதனால் ஈகோ போட்டால்தான் மிச்சம் என்பது இறக்கத்தில் இல்லவே இல்லை.

பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகம் குறைத்து முழுசாக விட்டுவிடுங்கள், டிஸ்க் ஆறட்டும். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், சூட்டில் டிஸ்க் கோணிக்கொள்ளும். பெடல் எப்போதாவது பஞ்சு மாதிரி உள்ளே போனதா? பிரேக் ஆயில் கொதித்தால் அப்படித்தான் போகும், அது விளையாட்டில்லை.

பதில், திருப்பூர்:

ஸ்டீயரிங் கனம் பற்றி: எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் மோட்டார் உதவியைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். சக்கரம் அதே அளவுதான் திரும்பும். சஸ்பென்ஷன் மோடுக்குத் தகுந்து இறுகுவது விலை கூடின வண்டிகளில், அதற்கென்று தனி டேம்பர் (ஷாக் அப்சார்பர்) வேண்டும். உங்களுடையதில் அது இருக்க வாய்ப்பில்லை. முதுகில் இடித்தது வேறு காரணம். டயரில் காற்று எவ்வளவு?

கேட்டவர், பொள்ளாச்சி:

நல்லா கேட்டீங்க. காலையில் வண்டி சூடாகும் முன்னால் பார்த்தேன், நாலு டயரிலும் 41. டிரைவர் கதவு ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. போன மாதம் பஞ்சர் போட்ட இடத்தில் அடித்துவிட்ட காற்று, நான் கவனிக்கவே இல்லை. 33 வைத்துவிட்டு இன்று தனியாக அட்டகட்டி வரை போய் வந்தேன். அதே குழி, ஸ்போர்ட்டிலும் இடிக்கவில்லை.

நார்மல், மேனுவல் இரண்டு. வளைவில் மீட்டரைப் பார்த்தேன், ஆர்பிஎம் 2,200க்குக் கீழே வரவில்லை, மிதித்ததும் இழுத்தது, துள்ளல் இல்லை. வரையாடு ஒன்று சுவரிலிருந்து ரோட்டில் குதித்தது, நிதானமாக நிறுத்த முடிந்தது. இறக்கத்தில் கியர் பிடித்தே வந்தது, ஆழியாரில் இறங்கி சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தேன், வாடை இல்லை. அன்றைக்குப் பெடல் பஞ்சாகவில்லைங்க, நல்ல வேளை. ஆனாலும் பேடையும் ஆயிலையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும், மழையில் எந்த மோடு?

பதில், சத்தியமங்கலம்:

மழையில் ஸ்போர்ட் வேண்டாம். ஈரத்தில் இலைச் சருகு கிடக்கிற வளைவில் அந்தத் துள்ளல் மிதி முன்சக்கரத்தைச் சுழலவிட்டுவிடும், ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். நார்மலே போதும், மிதியை மெதுவாக ஏற்றுங்கள். வளைவுக்கு முன்னால் வழக்கத்தைவிட முன்கூட்டியே வேகம் குறைத்துவிடுங்கள்.