துப்பறியும் கேம்கள்: ‘உங்கள் விடை சரி’ என்று கேமே சொல்லலாமா?

(ஒப்ரா டின், எல்.ஏ. நுவார், ஹெர் ஸ்டோரி, ஏஸ் அட்டர்னி முதல் பாகம் எல்லாவற்றுக்கும் ஸ்பாய்லர் உண்டு. விளையாடாதவர்கள் பார்த்து வாசிக்கவும்.)

தணிகை:
துப்பறியும் கேம் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை நம்மைத் துப்பறிய விடுவதே இல்லை. தடயத்தின் பக்கம் போனாலே மணி அடிக்கிறது. பட்டனை அழுத்தினால் ஹீரோவே அதற்கு விளக்கமும் சொல்லிவிடுகிறான். நமக்கு மிச்சம் நடப்பது மட்டும்தான்.

2018-ல் லூகாஸ் போப் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்’ அப்படியில்லை. 1802-ல் லண்டனிலிருந்து கிளம்பிய வணிகக் கப்பல் ஒன்று 1807-ல் ஆளே இல்லாமல் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆனது, கொல்லப்பட்டிருந்தால் கொன்றது யார் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். பெயர், பொறுப்பு, நாடு மூன்றும் உள்ள ஆட்பட்டியலும், கூட்டமாக வரைந்த படங்களும் அந்தப் புத்தகத்திலேயே உண்டு. பிணத்தருகே நம்மிடம் உள்ள மாயக் கடிகாரத்தைத் திறந்தால் சாவுக்குச் சற்று முன் கேட்ட குரல்களும், செத்த அந்தக் கணத்தின் உறைந்த காட்சியும் (இதைத்தான் ‘நினைவு’ என்கிறோம்) கிடைக்கும்.

இதில் மேதைமை மூன்று பேர் விதிதான். ஒருவரைச் சரியாக எழுதினால் கேம் வாயே திறக்காது. மூன்று பேரின் விவரம் முழுதும் சரியாக அமைந்த பிறகுதான் நம் கையெழுத்து அச்செழுத்தாக மாறும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தலையாட்டினால் பட்டியலில் உள்ள பெயர்களை வரிசையாகப் போட்டே முடித்துவிடலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் முதல் தப்பின் மேல் பத்துத் தப்பு கட்டுவோம். இரண்டுக்கும் நடுவில் இதைவிடச் சரியான இடம் வேறு எந்தக் கேமிலும் இல்லை என்பது என் கட்சி.

கௌதமி:
அந்த விதியில் பெரிய ஓட்டை இருக்கிறது, தணிகை. உறுதியாகத் தெரிந்த இரண்டு பேரை எழுதி வைத்துக்கொண்டு, மூன்றாவது இடத்தில் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டே போனால் சரியான பெயர் விழுந்ததும் மூன்றும் அச்சாகிவிடும். பாய்மர உச்சியில் வேலை செய்யும் சீனர்கள் நாலு பேரை எடுங்கள். முகம் தெரியும், சாவு தெரியும், நாலில் எந்தப் பெயர் எவருக்கு என்பது மட்டும்தான் பாக்கி. அதிகபட்சம் நாலு முறை மாற்றினால் ஒருவர் முடிந்தார். மூளைக்கு அங்கே வேலையே கிடையாது.

2015-ல் சாம் பார்லோ எடுத்த ‘ஹெர் ஸ்டோரி’ இந்தச் சிக்கலை அடியோடு அறுத்தது. 1994-ல் ஒரு கொலை பற்றி ஒரு பெண்ணிடம் போலீஸ் நடத்திய ஏழு விசாரணைகள் 271 துண்டு வீடியோக்களாக இருக்கின்றன. அவள் பேசிய சொல்லைத் தேடினால் வீடியோ வரும், அவ்வளவுதான். யார் கொன்றார் என்று எழுதிக் கொடுக்கும் படிவமே இல்லை. கேம் எங்கேயும் ‘சரி’ சொல்லாது. உண்மையான விசாரணையில் மட்டும் மேலே இருந்து யார் சொல்கிறார்கள்?

தணிகை:
ஓட்டை உண்டு, விலையும் உண்டு. உறுதியான இரண்டு பேரும் அந்த மூன்றில் பூட்டப்பட்டுவிடுவார்கள். அடுத்த ஊகத்துக்குப் புதிதாக இரண்டு உறுதி தேவை. ஆக ஒரு ஊகத்துக்கு இரண்டு நிஜமான கண்டுபிடிப்புகளைச் செலவழிக்கிறீர்கள். 60 பேரையும் அப்படி ஓட்டவே முடியாது.

அந்தச் சீனர்கள் விஷயத்தில் மூளைக்கு வேலை நிறையவே இருக்கிறது. கீழ்த்தளத்தில் நோயாளி ஒருவர் சாகும் காட்சிக்குப் போங்கள். சுற்றிலும் தூளிப் படுக்கைகள் தொங்கும், ஆட்கள் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள், முகம் தெரியாது. ஒவ்வொரு தூளியிலும் எண் கட்டியிருக்கும். அது ஆட்பட்டியலின் எண். கண்ணாடி போட்டது போலப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் போர்வைக்கு வெளியே கால் நீட்டியிருக்கும். காலணியை, காலுறையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நினைவுகளில் மேல்தளத்தில் அதே காலோடு நிற்பவர் யார் என்று தேடுங்கள். எண்ணிலிருந்து கால், காலிலிருந்து முகம், முகத்திலிருந்து பெயர். ஊகமே தேவையில்லை.

செய்முறையாகச் சொன்னால்: புத்தகத்தில் ஆள்மேல் அடையாளம் வைத்தால் அவர் வரும் நினைவுகளை மட்டும் வரிசையாகப் பின்தொடரலாம். படத்தில் முகத்தின் கீழே உள்ள முக்கோணங்கள் கடினத்தின் அளவு. முகம் மங்கலாக இருந்தால் தேவையான தடயம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் பெயரைப் போட்டு முட்டுவதில்தான் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அமுதன்:
இருவரும் ‘சரி’ என்பதை யார் சொல்கிறார் என்று பார்க்காமல் பேசுகிறீர்கள். 2011-ல் வந்த ‘எல்.ஏ. நுவார்’ அதைத்தான் கேள்வியாக வைத்தது. டீம் போண்டி செய்தது, ராக்ஸ்டார் வெளியிட்டது. 1947 லாஸ் ஏஞ்சலஸ், போலீஸின் கொலைப் பிரிவில் கோல் ஃபெல்ப்ஸ் என்ற துப்பறிவாளனாக நாம் ஆடுகிறோம். அடுத்தடுத்துப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு வழக்கிலும் கணவனோ நாடோடியோ ஒருவன் மேல் கச்சிதமாகச் சாட்சியம் விழுகிறது. குற்றம் சாட்டுகிறோம், கேப்டன் பாராட்டுகிறார், நட்சத்திரம் வருகிறது. பிரிவின் கடைசி வழக்கில்தான் எல்லாம் ஒருவனே செய்தது என்று தெரிகிறது. முந்தைய வழக்குகளில் பாரில் நாம் பேசிவிட்டு வந்த தற்காலிக ஊழியன் கேரட் மேசன். தடயங்களை வைத்ததும் அவன்தான். கடைசியில் அவன் பெரிய அரசியல் புள்ளியின் உறவு என்பதால் உண்மை மூடப்படுகிறது. நாம் உள்ளே தள்ளியவர்கள் சத்தமில்லாமல் விடுவிக்கப்படுகிறார்கள்.

இதன் பின்னணியில் இருப்பது எலிசபெத் ஷார்ட் என்ற பெண்ணின் நிஜக் கொலை. 1947 ஜனவரியில் நடந்தது, இன்றுவரை துலங்கவில்லை. துலங்காத வழக்கை நேர்மையாகக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூர்த்தி:
அமுதன் அண்ணா, கதை நல்லா இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா விளையாட்டா பாத்தா அது விசாரணையே இல்ல. க்ரைம் சீன்ல ஒரு மியூசிக் ஓடும், எல்லாத் தடயமும் எடுத்துட்டா நின்னுடும். அதாவது ‘போதும், கிளம்பு’ன்னு கேமே சொல்லிடுது.

விசாரணை இன்னும் மோசம். 2011 வெர்ஷன்ல உண்மை, சந்தேகம், பொய்னு மூணு பட்டன். ‘சந்தேகம்’ அழுத்தினா நாம லேசா கேள்வி கேக்கப்போறோம்னு நினைப்போம், ஃபெல்ப்ஸ், புருஷன் செத்த பொம்பள மேல பாய்ஞ்சு கத்துவான். 2017 ரீமாஸ்டர்ல பட்டன் பேரை நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றச்சாட்டுன்னு மாத்தினாங்க. வசனம் அதேதான். பேரை மட்டும் மாத்தினதே, நாம எதைத் தேர்ந்தெடுக்கிறோம்னு நமக்கே தெரியலங்கறதுக்குச் சாட்சி.

இன்னொண்ணு: ‘பொய்’ அழுத்துங்க, எதிராளி ‘உன்கிட்ட என்ன ஆதாரம்’னு பதறுவான், என்ன ஆதாரம் வேணும்னு அவன் பேச்சுலயே தெரிஞ்சிடும். கையில இல்லன்னா பின்வாங்கிடலாம், தண்டனை கிடையாது. 32 கேமரா வச்சு நடிகர் முகத்தைப் பதிவு பண்ணாங்க, ஆனா முகத்தைப் படிக்காமலே ஜெயிக்கிற வழியை அடைக்காம விட்டுட்டாங்க.

‘கோல்டன் பட்டர்ஃப்ளை’ வழக்கு: ரத்தம் பட்ட ஷூவை எரிக்கப் பாத்த கணவன் மோல்லரா, குழந்தைங்க விஷயத்துல பழைய குற்றவாளியான ரூனியான்னு ரெண்டுல ஒண்ணு சொல்லணும். ரெண்டு பேரும் கொலைகாரன் இல்ல. ஆனா ரூனியைச் சொன்னாதான் கேப்டன் சந்தோஷப்படுவார், மோல்லரைச் சொன்னா திட்டு. தப்பான பதிலுக்கு மார்க் போடற கேம் இது.

அமுதன்:
மூர்த்தி, நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் சாதனை என்கிறேன். கேப்டனுக்கு வேண்டியது உண்மையல்ல, நகரம் தெருவில் பார்க்க விரும்பாத ஒருவனை உள்ளே தள்ளுவது. மோல்லர் மேல் உள்ள சாட்சியம் கனமாக இருந்தும் ரூனி பக்கம் நம்மைத் தள்ளுகிறார். நட்சத்திரம் கொடுப்பது அந்தத் துறை. அந்த மதிப்பெண்ணை நம்பியதுதான் பிளேயர் செய்த தவறு.

கௌதமி:
அதை ஏற்க, பிளேயருக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்திருக்க வேண்டும். ‘இவர்கள் இருவரும் இல்லை’ என்று மறுக்க அந்தக் கேமில் பட்டனே கிடையாது. சந்தேகம் வந்தவனும் வராதவனும் ஒரே கதவு வழியாகத்தான் போக வேண்டும். அது ஃபெல்ப்ஸின் தோல்வி. நம் தோல்வி ஆகாது.

நெய்தல்:
ஏஸ் அட்டர்னியை யாருமே தொடவில்லையே. நாம் வழக்கறிஞராக நின்று, சாட்சியின் வாக்குமூலத்தில் முரண்படும் வரிக்கு ஆதாரத்தைக் காட்டி வாதாடும் கேம், 2001-ல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தது. அதில் டிஎல்-6 வழக்கு ஒன்று போதும். கதைப்படி 2001 டிசம்பர் 28, நிலநடுக்கத்தில் நின்றுபோன நீதிமன்ற லிஃப்டில் வழக்கறிஞர் கிரெகரி எட்ஜ்வர்த் சுடப்படுகிறார். வழக்குத் தொடரக் காலவரம்பு 15 ஆண்டு, அது முடியும் நாளில் விசாரணை. துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. கிடைத்தது ஒரே குண்டு. மற்றது எங்கே?

விடை எதிர்த்தரப்பில் நிற்கும் வான் கார்மாவின் தோளில். விடுப்பே எடுக்காத அந்த அரசு வழக்கறிஞர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மட்டும் மாதக்கணக்கில் விடுப்பு எடுத்தார். அறுவை செய்தால் மாட்டிக்கொள்வார் என்பதால் குண்டை உள்ளேயே வைத்துக்கொண்டார். முன்னமே வேறு காரணத்துக்காகக் கைக்கு வந்த மெட்டல் டிடெக்டரை எடுத்து நீட்டும்போது, அதை நீட்டச் சொல்லி யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் உடனே சரி, தப்பு சொல்லும் கேம்தான். ஆனாலும் துப்பறிந்த சுகம் குறையவில்லை.

தணிகை:
நெய்தல், அங்கே வேறொரு வியாதி. பிளேயர் இரண்டு வாக்குமூலம் முன்னதாகவே கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? கேம் நினைத்த வரியில் நினைத்த பொருளைக் காட்டாவிட்டால் தண்டனை. சரியான கருத்தோடு தவறான நேரத்தில் பேசினாலும் அடி. அதனால்தான் அதில் பாதிப் பேர் சேவ் செய்து சேவ் செய்து ஆடுகிறார்கள்.

கௌதமி, ஹெர் ஸ்டோரிக்கு ஒரு கேள்வி. தேடலில் எத்தனை வீடியோ சிக்கினாலும் காலவரிசையில் முதல் 5 மட்டும்தான் திறக்கும். செத்தவன் பெயர் ‘சைமன்’ என்று அடித்தால் பழைய ஐந்தே வரும். பிந்தைய விசாரணைகள் பூட்டியே கிடக்கும். இது நிஜப் போலீஸ் கம்ப்யூட்டரா? இதுவும் பிளேயரை ஒரு பாதையில் நிறுத்தும் வேலிதானே?

கௌதமி:
வேலிதான், ஆனால் தாண்டக்கூடிய வேலி. இரண்டு சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள், பட்டியல் சுருங்கும். பிந்தைய விசாரணையில் மட்டும் வரக்கூடிய அரிய சொல் எது என்று யோசியுங்கள். அந்த யோசனையே துப்பறிதல். எத்தனை பார்த்தோம் என்று தெரிய டேபிள் போலக் கட்டங்கள் காட்டும் கருவி ஒன்றும் உள்ளே இருக்கிறது. எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே சொல் தேட வேண்டும். முடிவில் அந்தப் பெண்ணின் பேச்சில் வரும் ஹன்னா, ஈவ் என இருவர் உண்டா, ஒருத்தியே இருவராக வாழ்ந்தாளா என்பது இன்றும் தீராத சண்டை. ஒப்ரா டின் பற்றி அப்படி ஒரு சண்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

மூர்த்தி:
நடுவுல ஒண்ணு. 2022-ல வந்த ‘தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்’ வாக்கியத்துல காலி இடம் விட்டு, காட்சியில பொறுக்கின சொல்லை வச்சு நிரப்பச் சொல்லும். ரெண்டுக்கு மேல தப்பு இருந்தா ‘தவறு’ன்னு மட்டும் சொல்லும். ரெண்டு இல்ல அதுக்கும் குறைவா தப்பு இருந்தா, அதைத் தனியா சொல்லும். எந்த இடம்னு சொல்லாது. ஒப்ரா டின்ல ரெண்டு உறுதியை வச்சு ஒண்ணை ஆட்டலாம். இதுல ஒரே வாக்கியத்துல பத்துப் பதினைஞ்சு இடம் பின்னியிருக்கறதால அந்தத் தந்திரம் ரொம்ப தூரம் போகாது.

தணிகை:
போகும், மூர்த்தி. ‘இரண்டுக்குள் தப்பு’ என்று தெரிந்த நிமிடமே காட்சியை மறுபடி பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பெயர்களை இடம் மாற்ற ஆரம்பிக்கலாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கொலைகாரன் பெயரும் செத்தவன் பெயரும் இடம் மாறியிருக்கிறதா என்பது மட்டும்தான் மிச்சம். ஒப்ரா டின் அந்த இடத்தில் கடைசிவரை மௌனமாக இருக்கிறது. கௌதமி கேட்ட சண்டைக்குப் பதில்: சில சாவுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணத்தையும் அந்தக் கேம் சரியென ஏற்கிறது. கண்ணால் பார்த்ததில் இரண்டு விதமாகப் படிக்க இடம் இருந்தால் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார் போப். சண்டை வேண்டியதில்லை, ஏனென்றால் சண்டைக்கான இடத்தை முன்பே பார்த்து வைத்திருக்கிறார்.

கௌதமி:
அதைத்தான் நான் குறை என்கிறேன்.