முயல் பிடிக்க எந்த அளவு ஃபெரட் வாங்கலாம்? என் ஆண் ஃபெரட் வளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது

தோட்டக்காரன் (நார்ஃபோக்) | நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். தெட்ஃபோர்ட் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறேன். இந்த மணல் மண் காரட்டுக்கு எவ்வளவு நல்லதோ, முயலுக்கும் அவ்வளவு நல்லது. இந்த வருடம் லீக் நாற்று மூன்று பாத்தி, முட்டைக்கோஸ் பாதி, எல்லாம் போய்விட்டது. வேலி ஓரத்து மேட்டில் எண்ணிப் பார்த்தேன், இருபத்து இரண்டு வாய் உள்ள வளை.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு ஆண் ஃபெரட் கொடுத்தார். நம் ஊர்க் கீரிக்குத் தம்பி மாதிரி இருக்கும், 1.9 கிலோ. கடிக்காது, கையில் குழந்தை மாதிரி கிடக்கும். எல்லா வாயிலும் பர்ஸ் வலை (முயல் பாய்ந்ததும் பை மாதிரி சுருங்கிக்கொள்ளும் வலை) போட்டு சனிக்கிழமை இறக்கினேன். பத்து நிமிடம் தரைக்குள் தடதடவென்று சத்தம். அப்புறம் அடங்கிவிட்டது. ஒரு முயலும் வெளியே வரவில்லை, அவனும் வரவில்லை. அவன் கழுத்துப்பட்டையின் சிக்னலை வைத்து இடம் காட்டும் லொகேட்டர் கருவி நான்கு அடி ஆழம் காட்டியது. மூன்று மணி நேரம் தோண்டினேன். வளையின் முட்டுக்கட்டில், அதாவது வழி முடியும் இடத்தில், ஒரு முயலைக் கொன்று, பின்தொடையைப் பாதி தின்றுவிட்டு, அதன் மேலேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

பெரிய ஆண் இந்த வேலைக்கு உதவாதா? ஒருவர் 'கிரேஹவுண்ட்' வகை என்று மிகச் சின்னதாக, 450 கிராம் பெண் ஒன்று விற்கிறார். இன்னொருவரிடம் போல்கேட் நிறத்தில் (காட்டு இனம் மாதிரி கரும்பழுப்பு) சாதாரண அளவுப் பெண்கள் இரண்டு, ஜூனில் பிறந்தவை. எதை வாங்குவது?

மண்வெட்டி (லிங்கன்ஷயர்) | நவம்பர் 9

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அன்று காலை அவனுக்குச் சாப்பாடு போட்டீர்களா? பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பசித்த ஃபெரட் உள்ளே கொன்று, தின்று, அங்கேயே படுத்துவிடும். நமக்கு வேண்டியது முயலைக் கொல்லும் ஃபெரட் இல்லை, விரட்டும் ஃபெரட். அரை வயிறு கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது அளவு. 1.9 கிலோ வளைக்குள் நுழையும், அதில் பிரச்சினை இல்லை. முயல் ஓடித் தப்ப அவன் இடமே விடுவதில்லை என்பதுதான் சிக்கல். முட்டுக்கட்டில் ஒரு முயலை மடக்கினால் அவனுக்கு அதைக் கொல்லும் பலம் உண்டு. ஜில், அதாவது பெண், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பிறாண்டிப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த முயலைத் தேடும். நான் பன்னிரண்டு வருடமாக வைத்திருப்பது எல்லாம் 700 முதல் 900 கிராம் வரையுள்ள ஜில்கள்தான்.

வலையையும் பாருங்கள். பர்ஸ் வலையின் கண் இரண்டு அங்குலம். 800 கிராம் ஜில் அதன் வழியே வலையை அசைக்காமல் வெளியே வந்து, திரும்பி உள்ளே போகும். உங்கள் ஆள் வலையோடு சேர்த்து, அதைத் தரையில் பிடித்திருக்கும் முளையையும் இழுத்துக்கொண்டு வந்து நிற்பான். நீங்கள் அதைச் சரிசெய்யும் அந்த அரை நிமிடத்தில்தான் முயல் பாயும்.

450 கிராம் வேண்டாம். வளர்ந்த முயல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். முட்டுக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அந்தச் சின்ன உயிரால் அசைக்க முடியாது. பின்னங்காலால் ஓர் உதை வாங்கினால் விலா போகும். லொகேட்டர் கழுத்துப்பட்டையும் அந்த மெல்லிய கழுத்துக்குப் பாரம்.

ஜூன் பிறந்த இரண்டையும் வாங்குங்கள். வாங்கும் முன் இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். கையை நீட்டும்போது பின்வாங்கிச் சீறினால், வளை வாயில் வந்து நின்று உங்களைப் பார்த்துத் திரும்ப உள்ளே ஓடும் பழக்கம் வந்துவிடும். அந்தக் குணம் அளவைவிடப் பெரிய தொல்லை.

மலைச்சாரல் (கார்மார்த்தன்ஷயர்) | நவம்பர் 10

மண்வெட்டி அண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்ணைப் பார்க்காமல் அளவு சொல்லக்கூடாது. எங்கள் வேல்ஸ் பக்கம் முயல் இருப்பது கல் அடுக்கிய பழைய வேலிக்குள். கல் இடுக்கில் பெரிய ஆண் சிக்கினால் தோண்டவும் முடியாது, ஒரு பக்கச் சுவரையே பிரிக்க வேண்டும். அதனால் என்னிடம் இருப்பவை 600 கிராம் ஜில்கள். உங்கள் மணல் மேடு வேறு. அகலமான, ஆழமான வளை. அங்கே கொஞ்சம் எடை உள்ளது தேவலை.

உங்கள் ஆணைக் கைவிடாதீர்கள். இந்தப் பிராணிகள் இலையுதிர் காலத்தில் கொழுப்புச் சேர்க்கும், ஆண் இன்னும் அதிகமாக. இதே ஆள் வசந்தத்தில் ஒன்றரைக் கிலோதான் இருப்பான். முன்பெல்லாம் ஆணை நீண்ட கயிற்றில் கட்டி, ஜில் உள்ளே தங்கிவிட்டால் மட்டும் இறக்குவார்கள். அவன் ஜில்லைத் துரத்திவிட்டு முயலோடு நிற்பான், கயிறு போன வழியே தோண்டுவார்கள். லொகேட்டர் வந்த பிறகு அந்த வேலை இல்லை. ஆனாலும் என்னிடம் 1.2 கிலோவில் ஒரு காயடித்த ஆண் உண்டு, ஜில் அளவுக்கே விரட்டுவான்.

நிறத்தால் குணம் மாறாது. போல்கேட் நிறம் முரடு என்பது வெறும் பேச்சு. ஆனால் முள் வேலிக்குள் வெள்ளை நிறம் கண்ணுக்குச் சட்டென்று தெரியும், நாயும் முயல் என்று பாய்ந்துவிடாது. இரண்டில் ஒன்று வெள்ளையாகக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கால்நடைச் செவிலி | நவம்பர் 10

ஜில் வாங்கச் சொல்லும் அண்ணன்மார் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஜில் வசந்தத்தில் பருவத்துக்கு வந்தால், இணை சேரும்வரை அது தானாக முடியாது. மாதக்கணக்கில் அப்படியே நின்றால் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் சாகும். வெளுத்த ஈறுடன் மேசையில் துவண்டு கிடந்த ஒரு ஜில்லை நானே பார்த்திருக்கிறேன். அதன் வால் அடியில் மயிரே இல்லை. வைத்தியர் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள்: பருவத்தை நிறுத்தும் ஊசி, அல்லது தோலடியில் வைக்கும் ஹார்மோன் மருந்து, அல்லது விந்துக்குழாய் வெட்டிய ஆண் ஒன்று. உங்கள் பெரியவனுக்கு இந்த வேலை கொடுக்கலாம், வீட்டிலேயே தீர்வு இருக்கிறது. எதுவானாலும் பிப்ரவரிக்குள் வைத்தியரைப் பார்த்துவிடுங்கள். டிஸ்டெம்பர் (நாய்க்கும் வரும் கொடிய வைரஸ் நோய்) தடுப்பூசியையும் அப்போதே கேளுங்கள். உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்றால் அவற்றின் பக்கம் போகாதீர்கள், நம்மிடமிருந்து தொற்றும்.

தோட்டக்காரன் (நார்ஃபோக்) | நவம்பர் 11

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, ஆமாம், அன்று காலை ஒன்றும் கொடுக்கவில்லை. பக்கத்துக்காரர்தான் அப்படிச் சொன்னார். செவிலி அக்கா சொன்னது தெரியாமல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்னொன்று: நான் குத்தகைக்காரன். நில உரிமையாளரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டுமா?

மண்வெட்டி (லிங்கன்ஷயர்) | நவம்பர் 11

தேவையில்லை. 1880 ஆம் வருடத்து கிரவுண்ட் கேம் சட்டப்படி, நிலத்தை அனுபவிப்பவருக்கு அதில் உள்ள முயலைப் பிடிக்கும் உரிமை உண்டு. குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கூட அதைப் பறிக்க முடியாது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்து வாய்கள் வேறொருவர் நிலம் என்றால் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

இறக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஜில் வெளியே வந்ததும் தூக்கி முன்னங்கால் நகத்தைப் பாருங்கள். நகத்தில் முயல் மயிர் அப்பியிருந்தால், உள்ளே எங்கோ ஒரு முயல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. லொகேட்டர் வெகுநேரம் ஒரே இடம் காட்டிய இடத்தில் தோண்டினால் கிடைக்கும். வெறும் மண் என்றால் வளை காலி, அடுத்த மேட்டுக்குப் போங்கள்.

தோட்டக்காரன் (நார்ஃபோக்) | ஜனவரி 4

இரண்டு ஜில்களும் வந்து ஏழு வாரம். 780 கிராம், 840 கிராம். இரண்டும் போல்கேட் நிறம்தான், வெள்ளை கிடைக்கவில்லை. தினமும் பெட்டியைத் திறந்து கையிலேயே முயல் இறைச்சி ஊட்டினேன். நேற்று உறைபனி, காற்று இல்லை. காலையில் ஆளுக்கு ஒரு கோழிக்குஞ்சு கொடுத்துவிட்டுப் போனேன். மேட்டில் மிதிக்காமல், பேசாமல் வலை போட்டேன். சின்னவளை இறக்கிய நான்காவது நிமிடம் முதல் முயல் வலையில் விழுந்தது. மதியத்துக்குள் ஒன்பது. ஒருமுறை மட்டும் பெரியவள் நகத்தில் மயிரோடு வந்தாள். இரண்டரை அடி தோண்டினேன், அண்ணன் சொன்ன மாதிரியே ஒன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

ஆணுக்கு இந்த மாதம் 20 ஆம் தேதி அறுவை.