சுங்குடிச் சேலையின் புள்ளிகள் நெளிகின்றன: பாட்டியின் வடிவமைப்பில் எதை மாற்றுவது?

பூக்கூடை எழுதியது:

வணக்கம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியுமுன் மல்லிகை வாங்கி வந்து, கோயிலுக்கு அருகே உட்கார்ந்து கட்டி விற்கும் ஒரு பாட்டியையும் அவருடைய பேரனையும் வைத்து, மதுரையில் இருக்கும் நாங்கள் மூவர் 3 நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றைச் செய்து வருகிறோம். பாத்திரங்களை வடிவமைப்பதும் வண்ணம் தீட்டுவதும் என் பொறுப்பு. எட்டு மாதங்களாக கிரிட்டா என்னும் ஓவிய மென்பொருளில் பழகி வருகிறேன்.

பாட்டியின் முழு உருவத்தை ஓர் ஓவியமாகத் தீட்டியபோது பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். முகச் சுருக்கங்கள், காதில் தொங்கும் தண்டட்டி, அரக்கு நிறச் சுங்குடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளி என எதையும் விடாமல் வரைந்திருந்தேன். ஆனால் அவர் கூடையை இறக்கி வைக்கும் 4 வினாடிக் காட்சியை அசைத்துப் பார்த்தபோது சேலையின் புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல் நெளிகின்றன. முகம் பக்கவாட்டில் திரும்பினால் வேறொரு பாட்டி வந்து நிற்கிறார். இந்த 4 வினாடிக்கே 19 நாட்கள் ஆகிவிட்டன. என் கை இன்னும் பழக வேண்டுமா, அல்லது வடிவமைப்பிலேயே பிழை இருக்கிறதா?

பழைய பென்சில் எழுதியது:

தம்பி, கையில் குறையில்லை. நீங்கள் தீட்டியது ஓர் ஓவியம். படத்துக்கு வேண்டியது திரும்பத் திரும்ப வரையக்கூடிய ஓர் உருவம். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் சில ஆண்டுகள் கோடு திருத்தும் வேலை பார்த்தவன் என்பதால் முதலில் கணக்கைச் சொல்கிறேன். திரையில் வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும்; ஒரு வரைபடத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 வரைபடங்கள்; பாட்டி படம் முழுவதும் அசைந்தால் 3 நிமிடத்துக்கு 2,160. சேலையில் 200 புள்ளிகள் இருந்தால் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை நீங்கள் வைத்தாக வேண்டும். அவற்றில் எதுவும் முந்தைய வரைபடத்தில் இருந்த இடத்தில் சரியாக உட்காராது என்பதால்தான் அவை நெளிகின்றன.

சேலையின் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி, புள்ளித் துணியின் படம் ஒன்றை அசையாமல் பின்னால் வைப்பது சிலர் கையாளும் வழி. உட்கார்ந்து பூக் கட்டும் காட்சிக்கு அது பொருந்தும். ஆனால் பாட்டி தெருவில் நடக்கத் தொடங்கினால், துணி நின்ற இடத்திலேயே நிற்க உடம்பு மட்டும் அதைக் கடந்து போவதுபோல் தோன்றும். நானாக இருந்தால் உடலை வெறும் அரக்கு நிறத்தில் விட்டுவிட்டு, முந்தியில் மட்டும் பெரிய புள்ளிகளாக ஏழெட்டு வைப்பேன். மதுரைக்காரர்களுக்குச் சுங்குடி என்று புரிய அதுவே போதும்.

தண்டட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உருவம் முழுவதையும் கருப்பால் நிரப்பிப் பாருங்கள். அந்தக் கருநிழலில் பாட்டியை அடையாளம் காட்டப்போவது வளைந்த முதுகும், தொங்கும் காதும், இடுப்புக் கூடையும்தான். மேலும் அவர் நின்ற பிறகும் தண்டட்டி இரண்டு மூன்று வரைபடங்களுக்கு ஆடி அடங்குமானால், அதற்கு எடை இருப்பதைப் பார்ப்பவர் உணர்வார். முகச் சுருக்கங்களில் கண்ணோரம் ஒன்று, வாயோரம் ஒன்று, நெற்றியில் ஒன்று இருந்தால் போதும்.

களிமண் எழுதியது:

முகம் திரும்பினால் ஆள் மாறுகிறார் என்றீர்களே, அதற்கு என்னிடம் வேறொரு யோசனை இருக்கிறது. எங்கள் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்கள், மண் ஈரமாக இருக்கும்போதே பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மூக்கையும் தாடையையும் சரிசெய்வார்கள். நீங்களும் ஒரு கைப்பிடி களிமண்ணில் பாட்டியின் தலையை மட்டும் பிடித்து, மேசை விளக்கின் கீழ் வைத்து முன், முக்கால், பக்கம், பின் என நான்கு பார்வைகளில் வரையுங்கள். பொம்மை அழகாக இருக்க வேண்டிய தேவையில்லை. கன்னம் எங்கே முடிந்து தாடை எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பிறகு அவரவர் தலையையே அளவுகோலாகக் கொண்டு பாட்டிக்கு ஐந்து தலை உயரம், பேரனுக்கு மூன்றரை என்று முடிவுசெய்து, ஒரே தாளில் குறுக்குக் கோடுகள் இழுத்து இருவரையும் நிறுத்திவிடுங்கள். பேரனின் தலை பாட்டியின் தலையைவிடச் சற்றுச் சிறிது என்பதால் அவனுக்குரிய கோடுகளைத் தனியாக அளந்து போட வேண்டும். நான் இதை மறந்து ஒருமுறை முழுக் காட்சியையும் திரும்ப வரைந்திருக்கிறேன்.

பூக் கட்டும் கையை நினைவிலிருந்து வரையாதீர்கள். பூக்காரம்மாவிடம் அனுமதி கேட்டு, ஒரு முழம் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் அருகே உட்காருங்கள். இரண்டு பூவை ஒரு பக்கமும் இரண்டைத் தலைமாற்றி மறுபக்கமும் வைத்து, நாரைச் சுற்றிச் சுருக்கிட்டு இழுக்கும் அந்த அசைவில், விரல்களைவிட மணிக்கட்டின் சொடுக்குதான் முக்கியம் என்பதை நேரில்தான் கண்டேன்.

சாம்பல் நிறம் எழுதியது:

பழைய பென்சில் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. தீட்டிய ஓவியத்தின் உழைப்பு வீணானதாக நினைத்து ஒதுக்க வேண்டாம். பாட்டி அசையாமல் இருக்கும் ஓர் அண்மைக் காட்சிக்கும் சுவரொட்டிக்கும் அதுவே உதவும். அசையும் காட்சிகளில் தட்டையான நிறத்தின்மேல், கீழே உள்ள நிறத்தைக் கருமையாக்கிக் காட்டும் மல்டிப்ளை லேயரில் ஒரே ஒரு நிழல் போதும். விடியுமுன் சந்தையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்குச் சேலை எப்படித் தெரியும் என்பதைத் தனியே ஒரு நிறத்தாளில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் சாம்பல் நிறங்களில் பாருங்கள்: உங்கள் அரக்கும் பின்னணி இருட்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால் பாட்டி சுவரோடு சுவராகிவிடுவார்.

பூக்கூடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. சாம்பல் நிறத்தில் பார்த்தபோது பாட்டி உண்மையிலேயே சுவருக்குள் மறைந்துதான் போனார். பின்னணியை ஒரு படி வெளிறச் செய்தேன். களிமண் தலை கோணலாக வந்தது, ஆனாலும் பக்கவாட்டு முகம் இப்போது அதே பாட்டியாக இருக்கிறது. புள்ளிகள் முந்திக்குப் போய்விட்டன. அதே 4 வினாடியை ஐந்து நாட்களில் முடித்தேன். பேரனின் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்பதில்தான் இப்போது எங்கள் மூவருக்குள் சண்டை. நான் இரண்டுக்கு மேல் வரைய முடியாது என்று சொல்லிவிட்டேன்.