முதல் ஹீமோகுளோபினை நம்பி ஏமாந்த இரவு

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்தது. இரவு 11 மணிக்கு, 58 வயதுக்காரர் ஒருவர் வந்தார். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர். இரண்டு நாளாகத் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போயிருக்கிறது, அதாவது வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. ஒருமுறை மயங்கியும் விழுந்திருக்கிறார். ஹீமோகுளோபின் 11.2. சரி, இவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருக்காது என்று முடிவு செய்துவிட்டேன்.

சீனியர் கேஸ் ஷீட்டை வாங்கி மற்ற எண்களைத்தான் முதலில் பார்த்தார். பல்ஸ் 112, பிபி 98/60, யூரியா 68 (அதிகம்), சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நார்மல். "குடலுக்குள் போன இரத்தம் செரித்துத்தான் யூரியா ஏறியிருக்கு. இரத்தம் போகும்போது அணுக்களும் நீரும் சேர்ந்தே போகும். அதனால் ஹீமோகுளோபின் உடனே குறையாது. உடம்பு நீரை இழுத்து ஈடுகட்டின பிறகுதான் உண்மை தெரியும்" என்றார். இரத்தக் கசிவின் ஆபத்தை அளக்கும் கிளாஸ்கோ பிளாட்ச்ஃபோர்டு ஸ்கோர் போடச் சொன்னார். 23க்கு 13 வந்தது. அப்போதே கிராஸ்மேட்ச்சுக்கு (ஏற்றப்போகும் இரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினோம். விடியற்காலை 4 மணிக்கு ஒரு கிண்ணம் நிறைய இரத்த வாந்தி. மறுபடி எடுத்த ஹீமோகுளோபின் 6.8. இரத்தப் பை தயாராக இருந்தது, உடனே ஏற்றினோம். காலையில் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண், அதன் நடுவே இரத்தக்குழாய் தெரிந்தது.

பதில்: நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டில் இதே மாதிரி இரத்தக் கசிவோடு வந்த ஒரு அம்மாவுக்குப் பல்ஸ் 78லேயே இருந்தது, ஏறவில்லை. இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. அவர் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டார், கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. அதைச் சொல்லித்தான் டாக்டரை வரவழைத்தேன். அன்றிலிருந்து, ஸ்கோரில் பல்ஸுக்குப் புள்ளி இல்லையென்றால் மாத்திரைச் சீட்டைக் கேட்காமல் விடுவதில்லை.

பதில்: கல்லீரல் வார்டில் வேலை செய்கிறேன். எங்கள் அனுபவம் இதற்கு மறுபக்கம். இரத்தம் கையில் இருக்கிறதே என்று தாராளமாக ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் (குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் இரத்தக்குழாயின் அழுத்தம்) கூடி, நின்ற கசிவு மறுபடி தொடங்கலாம். 2013இல் வெளியான பார்சிலோனா ஆய்வில் 921 பேர். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றிய குழுவில் ஆறு வாரத்தில் 95 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். 9க்குக் கீழே போனதுமே ஏற்றிய குழுவில் 91 சதவீதம். அதனால் ஸ்கோர் அதிகமென்றால் பையைத் தயாராக வைக்கச் சொல்வோம், ஏற்றுவது நோயாளியின் நிலை பார்த்துத்தான். இதய நோய் இருந்தால் 7 வரை காத்திருக்க மாட்டோம்.