மரக் கம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மர்: பழைய கம்பம் தாங்குமா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் மின்கம்ப வேலை பார்த்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

நான் நம் ஊரில் பார்த்ததெல்லாம் இரண்டு சிமெண்ட் கம்பங்களுக்கு நடுவே சேனல் போட்டு உட்கார வைத்த டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். இங்கே ஒற்றை மரக் கம்பத்தின் பக்கவாட்டில், கம்பத்தைத் துளைத்துப் போகும் இரண்டு போல்ட்டுகளில் மாட்டுகிறார்கள். எடை முழுவதும் ஒரே பக்கம்.

இப்போது என்னிடம் வந்திருப்பது 40 அடி, 5ஆம் வகுப்புக் கம்பம் (வகுப்பு எண் கூடக்கூடக் கம்பம் மெலிது). 6 அடி மண்ணுக்குள். அதிலுள்ள 25 கேவிஏ (திறன் அளவு) டிரான்ஸ்ஃபார்மரை இறக்கிவிட்டு 50 கேவிஏ ஏற்ற வேண்டும்; எடை 300 கிலோவை ஒட்டி வருகிறது. சுத்தியலால் தட்டினால் மேலே கணீரென்று கேட்கிறது, தரைமட்டத்தில் பொத்தென்று. ஈரமும் காற்றும் சேர்ந்து மரம் மக்குவது அங்கேதான். ஆள் ஏறும் கம்பம், பயமாக இருக்கிறது.

துளைபோட்டுப் பார்த்தால், வெளிச்சுற்றில் எத்தனை அங்குலம் நல்ல மரம் இருந்தால் நம்பலாம்? பழைய போல்ட் துளைகளையே பயன்படுத்தலாமா? ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் தரையிலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி) சேர்த்தால் போதும் என்கிறார் ஒருவர். அடியில் மக்கிய மரத்துக்கு அது எப்படி உதவும் என்று புரியவில்லை. கம்பத்தையே மாற்றச் சொல்லி உறுதியாக நிற்கட்டுமா? செய்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை வேலை.