பெதூயின் பெண்களைப் பற்றிய சிறுகதைகள்: அடக்குமுறை மட்டுமே கதையாகுமா?

மணல்வெளி:
பாலைவன நாடோடி மரபில் வந்த அரபு மக்களான பெதூயின்களின் பெண்களைப் பற்றி நான் படித்த சிறுகதைகளில் பல, கட்டாயத் திருமணத்தில் தொடங்கித் தப்பியோடுவதிலோ கொலையிலோ முடிகின்றன. எகிப்தின் மேற்குப் பாலைவனத்து அவ்லாத் அலி என்னும் பெதூயின் மக்களிடையே 1970களின் இறுதியில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் லைலா அபூ-லுகோத் காட்டும் வாழ்க்கை வேறு. கணவன் கைவிட்டதைப் பொருட்படுத்தாதவளாக ஊரறியத் தலைநிமிர்ந்து பேசும் பெண், நெருங்கியவர்கள் நடுவில், கின்னாவா என்னும் மிகச் சிறிய பாடலில் தன் வேதனையைக் கொட்டிவிடுகிறாள். இந்த இரண்டு குரல்களையும் ஒருத்தியிடமே கேட்கவைப்பதுதான் நல்ல சிறுகதை என்பேன்.

எதிர்க்கரை:
நான் உடன்படவில்லை. பெரியப்பா, சித்தப்பா மகனுக்கே பெண்ணின் மீது முதல் உரிமை என்னும் வழக்கத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவது கூடாரமும் பாட்டும்தான். அடக்குமுறையை எழுதுவதை வெளியாரின் இரக்கப் பார்வை என்றும் தள்ளிவிட முடியாது. எகிப்தின் ஷர்கியா மாகாணத்தில் பெதூயின் குடும்பத்தில் பிறந்த மிரால் அல்-தஹாவி, 1996இல் வந்த தம் முதல் நாவலிலேயே வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் மூச்சுமுட்டலை எழுதினார். அந்தக் கோபத்தை அடக்கி வாசிக்கச் சொல்ல நாம் யார்?

மணல்வெளி:
கோபத்தை அடக்கச் சொல்லவில்லை, நண்பரே. கோபத்துக்கு உரியவளை முழு மனுஷியாகக் காட்டுங்கள் என்கிறேன். அபூ-லுகோத் 1993இல் வெளியிட்ட நூலின் இயல்களுக்குப் பலதார மணம், உறவுத் திருமணம், மானமும் நாணமும் என்று நாம் எதிர்பார்க்கும் தலைப்புகளையே வைத்தார். ஆனால் உள்ளே பெண்கள் சொல்லும் கதைகள் அந்தத் தலைப்புகளுக்குள் அடங்க மறுக்கின்றன. தந்தை பேசி முடித்த திருமணங்களைத் தான் இளமையில் எப்படி முறியடித்தேன் என்று பேரப்பிள்ளைகள் கண்ட மூதாட்டி ஒருத்தி விவரிக்கிறாள். அபூ-லுகோத் கண்ட அவ்லாத் அலி மக்களிடையே மணமான பெண் இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டுகிறாள். மதிப்புக்குரிய மூத்த ஆண் எதிர்ப்பட்டால் கருப்புத் துணியை முகத்தின்மேல் இழுத்துக்கொள்கிறாள், இளையவனுக்கு முன் அப்படிச் செய்வதில்லை. யார் முன் மறைப்பது என்று அவள் கணிக்கும் அந்த ஒரு நொடியில் ஒரு கதையே இருக்கிறது.

ஊர்க்குருவி:
இருவரும் அரசை மறந்துவிட்டீர்கள். ஹைஃபாவுக்கு அருகே இஸ்ரேல் அங்கீகரிக்காத பெதூயின் கிராமமொன்றில் பிறந்த ஷேக்கா ஹெலாவி, 2019இல் அரபுச் சிறுகதைக்கான அல்-முல்தகா விருதைப் பெற்றார். அவருடைய ஊரே பிற்பாடு இடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் வளரும் சிறுமிக்குத் தந்தையின் சொல் ஒரு வேலி, இடிப்பு ஆணை இன்னொரு வேலி.

எதிர்க்கரை:
இதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது வேலியைக் காட்டும் அவசரத்தில் முதலாவதை மென்மையாக்கும் எழுத்தாளர்களும் உண்டு. வெளியே அரசு நெருக்கும்போது வீட்டுக்குள் பெண் மீதான காவலும் இறுகுகிறதா என்ற கேள்வியைக் கதை தட்டிக் கழிக்கக் கூடாது. மணல்வெளி சொல்லும் அந்த மூதாட்டி வென்றாள். அவளைப் போல மறுத்துத் தோற்றவளுக்கும் கதையில் அதே அளவு இடம் வேண்டும்.